ஒன்பது நாள் இரக்கம்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லாரும் சமையல்காரர் என்றுதான் சொன்னார்கள். வீட்டில் வெந்நீர் வைக்கக்கூட மனுஷனுக்குத் தெரியாது என்று அவர் மனைவி சத்தியம் செய்வாள்; அதில் பொய் இல்லை. ஆனால் வேலையிடத்தில் பத்தொன்பது வருஷமாகத் தினமும் முப்பது லிட்டர் சாறு காய்ச்சுகிறவர் அவர்தான். சர்க்கரை, புரதத்தூள், பிழிந்து காயவைத்த ஈஸ்ட் சத்து, தண்ணீர். எடை போட்டு, கலக்கி, நீராவிப் பானையில் ஏற்றி, ஒரு கிருமி இல்லாமல் இறக்கி, குடுவை குடுவையாக அடுக்கிவைப்பார். அதைச் சாப்பிடுவது யார்? ஈஸ்ட். ரொட்டி மாவை உப்பவைக்கிற அதே ஈஸ்ட். ஈஸ்டுக்கு ஈஸ்டையே பிழிந்து ஊற்றுகிறோமே, இது எந்த ஊர் நியாயம் என்று புதிதாக வருகிறவர்களிடம் அவரே கேட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

சிரித்தாலும், தன் சாற்றைப் பற்றி யாரும் குறை சொல்ல அவர் விட்டதில்லை. குழாயில் ஒரு சொட்டு ஈஸ்டை விட்டுவிட்டு மறுநாள் காலை வந்து பார்த்தால், தெளிவாக இருந்த சாறு பால் விட்டமாதிரி கலங்கியிருக்க வேண்டும். கலங்கினால் உள்ளே கோடிக்கணக்கில் பெருகியிருக்கிறது என்று அர்த்தம். தெளிந்தே கிடந்தால் ஒன்றும் பிழைக்கவில்லை என்று அர்த்தம். ஊரெல்லாம் தெளிவை மெச்சிக்கொள்ளட்டும், நமக்குக் கலங்கல்தான் லட்சணம் என்பார்.

இப்படிப்பட்டவரிடம் போய் ஒரு நாள் விஷம் கலக்கச் சொன்னார்கள்.

சொன்னது ஐந்து வருஷமாக அங்கே ஆராய்ச்சி செய்கிற பெண். நேற்றைய குழாயிலிருந்து ஒரே ஒரு சொட்டு எடுத்து இன்றைய புதுக் குழாயில் விடுவது, நாளைக்கு இதிலிருந்து ஒரு சொட்டு, நாளன்றைக்கு அதிலிருந்து ஒரு சொட்டு என்று இதே வேலையாக இருந்ததால் அவளுக்குச் சொட்டம்மா என்று பெயர் வந்துவிட்டது. சாற்றில் மயில்துத்தம் கலக்க வேண்டும் என்றாள் அவள். தாமிரத்தின் நீல உப்பு அது; ஓர் அளவுக்கு மேல் போனால் ஈஸ்டுக்கு எமன்.

சமையல்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. “ஏம்மா, நானே ஆக்கி நானே விஷம் வெக்கணுமா?”

“சாகடிக்க இல்லண்ணா. எப்படிச் சாகாம தப்பிக்குதுன்னு பாக்க.”

“அதுங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

ஆனாலும் கலந்தார். வேலை என்றால் வேலை. ஒவ்வொரு வாரமும் அவள் கேட்ட அளவுக்குத் துத்தத்தைக் கூட்டினார். முதல் மாதம் பெரும்பாலான குழாய்கள் தெளிந்து கிடந்தன; அவற்றைக் கழுவும்போது அவருக்கு மனசே சரியாக இருக்காது. மூன்றாவது மாதம் ஒரே ஒரு குழாய் கலங்கியது. எட்டாவது மாதத்தில் அந்தக் குழாயின் வாரிசுகள், சாதாரண ஈஸ்ட் பொசுக்கென்று செத்துவிழுகிற அளவைப்போல் மூன்று மடங்கு துத்தத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. சாப்பிட்டன என்றாலும் திணறித் திணறித்தான். மற்ற ஈஸ்ட் ஒன்றரை மணிநேரத்தில் இரண்டாகும் என்றால் இவற்றுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு ஆயிற்று. சொட்டம்மாவின் ஐந்து வருஷமும் அந்த ஒரு குழாயை நம்பித்தான் இருந்தது. வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்று அதைக் கேட்டு எழுதியிருந்தது. அது நல்லபடியாக நின்றால் அவளுக்குப் பட்டம். இல்லையென்றால் ஐந்து வருஷமும் தண்ணீரில் போட்ட மாதிரிதான்.

அந்தச் சமயம் பார்த்து அவள் மகளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. ஒன்பது நாள் விடுப்பு. “அண்ணா, உங்கள நம்பித்தான் போறேன். தினமும் ஒரு சொட்டு. துத்தம் போட்ட சாறு இந்தப் பக்கம் இருக்கு. வேற ஒண்ணும் பண்ண வேணாம்” என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் நாள் காலை சமையல்காரர் பிப்பெட் என்கிற உறிஞ்சுகுழலில் ஒரு சொட்டை எடுத்துக்கொண்டு நின்றார். வலது பக்கம் துத்தச் சாறு. இடது பக்கம் வெறும் சாறு. அன்று காலை இறக்கியது, அவரே மெச்சிக்கொள்கிற பதத்தில் வந்திருந்தது. எட்டு மாதமாக ஒரு நாள் ஓய்வில்லாமல் விஷம் குடிக்கிற ஜீவன்கள். அம்மாக்காரியே விடுப்பில் போய்விட்டாள். அதுங்களுக்கும் ஒரு ஒன்பது நாள் விடுப்பு இருக்கட்டுமே என்று தோன்றிவிட்டது. அவருக்கு மனசு கேட்கவில்லை. சொட்டை இடது பக்கத்தில் விட்டார்.

மறுநாள் பார்த்தால் அந்தக் குழாய் கெட்டியாகக் கலங்கியிருந்தது. அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அப்புறம் ஒன்பது நாளும் அதேதான். பழுப்புச் சாற்றில் துத்தத்தின் நீலம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்பதால் குழாயைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்கவும் வழியில்லை. சொட்டம்மா திரும்பி வந்தபோது மகள் எப்படி இருக்கிறாள், ஏதாவது சாப்பிடுகிறாளா என்றெல்லாம் விசாரித்தார். இதை மட்டும் சொல்லவில்லை. சொல்லும்படி இதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தார்.

அவள் வந்த திங்கட்கிழமையே ஆய்வுக்கூடத்தின் தலைவியான பேராசிரியர், வெளியூருக்கு அனுப்பும் முன் கடைசியாக ஒரு சோதனை வைத்தார். அந்த அம்மாள் எதையும் தன் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டார். கடையிலிருந்து புதுத் துத்தப் புட்டி வாங்கி, தன் கையாலேயே எடை போட்டுச் சாறு கலந்தார். ஒரு குழாயில் சொட்டம்மாவின் ஈஸ்ட், பக்கத்தில் இன்னொன்றில் சாதா ஈஸ்ட். செவ்வாய் காலை இரண்டும் தெளிந்து கிடந்தன.

பேராசிரியர் சமையல்காரரைக் கூப்பிட்டார். சொட்டம்மா மூலையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

“இது என் கையால கலந்த சாறு. இதுல ரெண்டும் செத்துக் கிடக்கு. அப்ப எட்டு மாசமா அதுங்க குடிச்சது என்ன? துத்தத்தைச் சரியாத்தான் போட்டீங்களா?”

“போட்டேன் மேடம். ஒரு கிராம் குறைஞ்சதில்ல.”

“குறையாம இருந்தா இப்ப எப்படிச் சாகும்?”

சாறு சரி. அதற்கு அவர் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வார். ஆனால் அந்த ஒன்பது நாள் உள்ளே எலி மாதிரி ஓடியது. ஓடினாலும் அவரே அதை அடக்கினார். எட்டு மாதம் கற்றுக்கொண்டதை ஒன்பது நாளில் யாராவது மறப்பார்களா? பத்து வயதில் பழகிய சைக்கிளை முப்பது வருஷம் கழித்து எடுத்தபோதும் அவருக்கு மறக்கவில்லையே. ஆகவே வாயைத் திறக்கவில்லை.

“வெள்ளிக்கிழமை கடிதம் குடுத்துடுவேன். உங்கள சாமான் கிடங்குக்கு மாத்தச் சொல்லி. இனிமே இங்க நீங்க கலக்கறதை நம்பி யாரும் ஒண்ணும் செய்ய முடியாது” என்றார் பேராசிரியர். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அதிகமாக வலித்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் வேலை செய்வது ஒரு சலவைக் கடையில். எந்தக் கறைக்கு என்ன என்பது அவளுக்கு அத்துப்படி. அவர் எல்லாவற்றையும் சொன்னார், ஒன்பது நாள் உட்பட. அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

“இதை அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?”

“அவ கேக்கலையே.”

“கேட்டாங்களா கேக்கலையான்னு வக்கீல் மாதிரி பேசாதீங்க. வெள்ளச் சட்டையைக் கொண்டாந்து குடுத்துட்டு என்ன கறைன்னு சொல்லாம போறவங்க இருக்காங்க. நாங்க கண்டதையும் போட்டுத் தேச்சு சட்டையே கிழிஞ்சிடும். என்ன சிந்துச்சுன்னு சொல்லிட்டா பாதி வேலை முடிஞ்சுது.”

“சொன்னா என் வேலை போயிடும்டி.”

“சொல்லாட்டி அவ அஞ்சு வருஷம் போயிடும். எதைத் தூக்கி எதுல போடறதுன்னு நீங்களே பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு, மடித்த துணியை அவர் மடியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை சொல்லிவிடுவது என்று போனார். சொட்டம்மாவின் அறைவாசல் வரைக்கும் இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் குடுவை எடுக்க வந்த மாதிரி குடுவையை எடுத்துக்கொண்டு திரும்பினார். அன்றைக்கு அவர் எடுத்துவந்த குடுவைகளுக்கு ஒரு தேவையும் இல்லை.

சோதனை முடிந்த குழாய்கள் எல்லாம் கடைசியில் அவரிடம்தான் வரும். நீராவியில் வேகவைத்து, உள்ளே எது இருந்தாலும் கொன்று, பிறகு கழுவ வேண்டும். வியாழக்கிழமை காலை அந்தத் தட்டைத் தூக்கினார். பேராசிரியரின் இரண்டு குழாய்களும் அதில் நின்றன. சாதா ஈஸ்ட் இருந்த குழாய் கண்ணாடி மாதிரி தெளிவு. மற்றதைப் பார்த்தவர் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

அது கலங்கியிருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். சந்தேகமே இல்லை. அடியிலிருந்து மேல்வரை ஒரே கலங்கல். செத்துவிட்டது என்று எல்லாரும் முடிவுகட்டி, குப்பைத் தட்டில் போட்டு, அழுதும் முடித்த குழாய். அதற்குள் யாரோ கொஞ்சம் பேர் மட்டும் சாகாமல் இருந்து, சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு நாளாகப் பெருகியிருக்கிறார்கள். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ லட்சம் குழாய்களைப் பார்த்தவர், முதல்தடவையாக ஒரு குழாயைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சுவிடப் பயந்தார். பெரும்பாலானவை மறந்துவிட்டன. சில மறக்கவில்லை. மறக்கவைத்தது யார் என்பது இந்த உலகத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

நேராகச் சொட்டம்மாவிடம் போனார். குழாயை நீட்டினார். எல்லாவற்றையும் சொன்னார்.

“ஒன்பது நாளுமா?”

“ஒன்பது நாளும்.”

“வெறும் சாறா?”

“வெறும் சாறும்மா. பாவமா இருந்துச்சு. தப்புதான்.”

அவள் மேசைமேல் இருந்த கையுறைப் பெட்டியை எடுத்துச் சுவரில் அடித்தாள். கையுறைகள் அறை முழுக்கச் சிதறின. “என்னை ஏன் ஏமாத்தினீங்க? ரெண்டு நாளா நான் செத்துப் பிழைக்கறேன், நீங்க பாத்துட்டு நின்னீங்க!” என்றாள். அவள் குனிந்து கையுறைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். அவரும் குனிந்தார். நாலைந்து பொறுக்கியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணா, அதுங்க நிஜமாவே கத்துக்கிட்டிருந்தாத்தான் மறக்க முடியும்.”

“புரியலம்மா.”

“உங்க சாறுல துத்தம் கம்மியா இருந்திருந்தா, இதுல ஒண்ணுகூடப் பிழைச்சிருக்காது. சாதா ஈஸ்ட் மாதிரியே போயிருக்கும். கொஞ்சம் பிழைச்சிருக்குன்னா... இருங்க. ஒன்பது நாளுக்கு முன்னாடி இருந்ததை நான் உறையவெச்சிருக்கேன்.”

வாரத்துக்கு ஒரு குப்பி அவள் ஆழ் உறைபெட்டியில் போட்டுவைப்பது வழக்கம். விடுப்பில் போவதற்கு முதல் நாள் வைத்த குப்பி உறைபனி பூத்து வெளியே வந்தது. பேராசிரியர் கலந்த அதே சாற்றின் மிச்சத்தில் அதிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். குழாயை விடாமல் ஆட்டுகிற குலுக்கியில் ஏற்றினாள். ஒன்பது நாள் குழாயில் மிச்சமிருந்ததை, துத்தம் இல்லாத சாற்றைக் கூழாக இறுகவைத்த இரண்டு சிறு கண்ணாடித் தட்டுகளில் தெளித்துப் பரப்பினாள். அப்புறம் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. குப்பியில் இருப்பது பிழைத்தால் எட்டு மாத உழைப்பு பிழைக்கும். பிழைக்காவிட்டால் அவர் சாறுதான் பொய் என்று ஆகிவிடும். தன் குற்றத்தைச் சொல்லியாயிற்று, ஆனால் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டியது கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜீவன்.

வெள்ளிக்கிழமை காலை குழாய் தெளிவாக இருந்தது. “உறைஞ்சு எழுந்திருக்கே, நேரம் எடுக்கும்” என்றாள் சொட்டம்மா. சொன்ன குரலில் தெம்பு இல்லை. மதியம் மூன்று மணிக்குப் பேராசிரியர் வந்தார், கையில் அச்சடித்த கடிதத்தோடு. சொட்டம்மா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு குலுக்கியை நிறுத்தி, குழாயை எடுத்தார்.

கலங்கலை அளக்க அங்கே ஒரு பழைய வழி உண்டு. குழாய்க்குப் பின்னால் எழுத்துள்ள தாளைப் பிடிப்பார்கள். எழுத்து படிக்க வந்தால் ஒன்றும் வளரவில்லை, எழுத்து மறைந்தால் வளர்ந்திருக்கிறது. பேராசிரியர் கையில் இருந்த தாள் அந்தக் கடிதம்தான். குழாயை அதன்மேல் வைத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். சமையல்காரரின் பதவி, வேலைக்குச் சேர்ந்த வருஷம், மாற்ற வேண்டிய இடம் எல்லாம் ஒரு வெண்மைக்குப் பின்னால் போய்விட்டிருந்தன. ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை.

“சாறு சரிதான்” என்றார் பேராசிரியர். கடிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். “இதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணும், கேக்கறேன். ஆனா சொல்லாம செஞ்சது தப்பு. அதை என்ன பண்றதுன்னு யோசிக்கணும்.” சமையல்காரர் தலையை ஆட்டினார். யோசிக்கட்டும் என்றே அவருக்கும் இருந்தது.

தட்டுகளில் ஈஸ்ட் புள்ளி புள்ளியாக முளைத்தது. ஒரு புள்ளி என்பது ஓர் அணுவளவு தாயிடமிருந்து வந்த ஒரு குடும்பம். கொழுத்த புள்ளிகள் அறுநூறு சொச்சம். நடுவே, குனிந்து தேடினால் மட்டும் தெரிகிற பொடிப் புள்ளிகள் மூன்று. கொழுத்தவற்றைத் துத்தத்தில் போட்டால் செத்தன. பொடிசுகளைப் போட்டால் மெதுவாக, பிடிவாதமாக வளர்ந்தன. எல்லாவற்றின் மரபையும் எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்லும் இயந்திரத்துக்கு மாதிரிகள் போயின. மூன்று வாரம் கழித்து முடிவு வந்த அன்று சொட்டம்மாவே சாறு காய்ச்சும் அறைக்கு வந்து அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

திரையில் பதினாறு கோடுகள்.

“ஒரு ஈஸ்டுக்குள்ள பதினாறு குரோமோசோம். பதினாறு சமையல் குறிப்பேடுன்னு வெச்சுக்குங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு பிரதி. இந்தப் படம் விடுப்புக்கு முன்னாடி இருந்ததோடது. எட்டாவது கோட்டைப் பாருங்க.”

பதினைந்து கோடுகள் ஒரே மட்டத்தில் கிடந்தன. எட்டாவது மட்டும் இரண்டு பங்கு உயரத்தில் நின்றது.

“ரெண்டு பிரதி வெச்சிருக்கு?”

“ரெண்டு பிரதி. தாமிரத்தைப் பிடிச்சுக் கட்டிப்போடற புரதத்தோட குறிப்பு அதுலதான் இருக்கு. விஷத்துல தவிக்கும்போது ஈஸ்டுக்கு ரெண்டா பிரியறதுல கை தடுமாறும்னு நினைக்கிறோம். ஒரு பிள்ளைக்கு ஒரு ஏடு குறையும், இன்னொண்ணுக்குக் கூடும். தடுமாறினதுல முக்கால்வாசி செத்துப்போகும். ஒண்ணு, எந்த ஏடு வேணுமோ அதையே ரெண்டா எடுத்துக்கிட்டுப் போயிருக்கு. திட்டம் போட்டு இல்ல. தப்பு நடந்தது, அந்தத் தப்பு காப்பாத்திடுச்சு. ஆனா ஏடு கூடினா சுமையும் கூடும். அதான் திணறித் திணறி வளர்ந்துச்சு.”

அடுத்த படத்தைப் போட்டாள். கொழுத்த புள்ளிகள். பதினாறு கோடும் ஒரே மட்டம்.

“நீங்க விஷத்தை எடுத்தீங்க. இனிமே எதுக்கு இந்தச் சுமைன்னு ஒவ்வொண்ணா ரெண்டாவது பிரதியைக் கீழ போட்டுடுச்சு. போட்டது வேகமா வளர்ந்து, போடாததை ஓரங்கட்டிடுச்சு. ஒன்பதே நாள்.”

சமையல்காரர் பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். எண்ணிக்கையற்ற தலைமுறைகள் அந்தக் குழாய்க்குள் பிறந்து, தடுமாறி, செத்து, பிழைத்து, ஒரு முழு ஏட்டைத் தூக்கிச் சுமந்து, வேண்டாமென்றதும் இறக்கிவைத்திருக்கின்றன. அவர் அதே அறையில் நின்று குடுவை கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். இவ்வளவு பெரிய காரியம் இவ்வளவு சத்தமில்லாமல் நடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

“அந்த மூணு?” என்றார்.

மூன்றாவது படம். எட்டாவது கோடு இரண்டு பங்கு உயரத்தில், அப்படியே.

“ஏன் அதுங்க மட்டும் விடல?”

இவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே பேராசிரியர் எப்போது உள்ளே வந்தார் என்று இருவருக்கும் தெரியாது. அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். முப்பது வருஷம் இதையே படித்தவர், நெடுநேரம் அந்தக் கோட்டையே பார்த்தார்.

“தெரியல” என்றார் கடைசியில். “இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா அதுங்களும் போட்டிருக்குமோ, இல்ல வேற ஏதாவது மாறி, சுமந்துக்கிட்டே ஓடப் பழகிடுச்சோ. எனக்குத் தெரியல.” அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை இவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு பேராசிரியர் சமையல்காரர் பக்கம் திரும்பினார். சமையல்காரர் தன்னையறியாமல் எழுந்து நின்றார். யோசிக்கிறேன் என்று சொன்னதன் முடிவு இப்போது வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

“திங்கட்கிழமையிலேர்ந்து திரும்பவும் ஒன்பது நாள் வெறும் சாறு குடுங்க. முப்பது குழாய், உறைஞ்ச குப்பியிலேர்ந்து எடுத்தது. தினமும் தட்டுல பரப்பி எண்ணணும். எந்தெந்த நாள் எத்தனை கீழ போடுதுன்னு பாக்கணும். உங்க கையாலதான் செய்யணும், அன்னிக்குச் செஞ்ச மாதிரியே.”

“சரி மேடம்.”

“ஆனா இந்தத் தடவை சொல்லிட்டுச் செய்யுங்க.”

சொட்டம்மாதான் முதலில் சிரித்தாள். சமையல்காரருக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் நிறைந்தது. முப்பது குழாய்க்கு, ஒன்பது நாளைக்கு எவ்வளவு சாறு வேண்டும் என்று மனக்கணக்குப் போட்டபடி படியிறங்கிப் போனார்.